தொட்டுப் பார்த்த கை

2024ஆம் ஆண்டு தவக்காலத்தின் முதல் வாரம். கும்மிடிப்பூண்டியிலிருந்து காலை ஏழரை மணிக்குப் புறப்பட்ட வேன், தேர்வாய் கண்டிகைத் தொழிற்பூங்காவை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. பணி ஓய்வு பெற்று மூன்று ஆண்டுகள் கழிந்த பின் மறுபடியும் ஒரு தொழிற்சாலை வேனில் அமர்ந்திருப்பது எனக்கே வியப்பாயிருந்தது. அப்பூங்காவிலுள்ள நடுத்தரத் தொழிற்சாலை ஒன்று தன் இளம் பொறியாளர்களுக்கு நான்கு நாள் பயிற்சி ஏற்பாடு செய்திருந்தது. ‘ஹசாப்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் இடர் ஆய்வு முறையையும், அதனோடு சேர்ந்த இடர் மதிப்பீட்டையும் கற்பிக்கும் பயிற்சி அது. இளைஞர்களோடு அனுபவமுள்ள ஒருவரும் உட்கார வேண்டும் என்று பயிற்சியாளர் கேட்டாராம். முன்பு என்னோடு பணியாற்றிய ஒருவர் என் பெயரைச் சொல்லிவிட்டார். ரசாயனத் தொழிற்சாலைகளில் முப்பத்தைந்து ஆண்டுகள் ஷிப்ட் பார்த்தவன் என்ற தகுதி ஒன்றே என்னிடம் இருந்தது.

அந்த நேரத்தில் அப்பயிற்சியை வைக்க ஒரு காரணமும் இருந்தது. இரண்டு மாதங்களுக்கு முன், 2023 டிசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, எண்ணூரில் கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள் இரவு. சுனாமியின் நினைவு நாளும் அதுவே. பெரியகுப்பம் முதலான மீனவக் குடியிருப்புகளில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள், கண்ணெரிச்சலும் மூச்சுத் திணறலும் தாளாமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அம்மாதத் தொடக்கத்தில் வீசிய மிக்ஜாம் புயலில் குழாயைச் சுற்றியிருந்த கற்கள் இடம்பெயர்ந்து குழாய் சேதமுற்றிருக்கலாம் என்று அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு பின்னர் கருத்துத் தெரிவித்தது. புயலுக்கும் கசிவுக்கும் இடையே மூன்று வாரங்கள் இருந்தன. ‘அந்தப் புயல் நம் குழாயை என்ன செய்திருக்கும்?’ என்ற கேள்விக்குப் போதுமான காலம் அது. அந்தக் கேள்வியை உரிய நேரத்தில் கேட்கக் கற்பிப்பதுதான் நான் உட்காரப் போகும் பயிற்சியின் நோக்கம்.

முதல் நாள் முறையை விளக்கினார்கள். 1960களில் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் உருவான முறை அது. தொழிற்சாலையின் குழாய்களையும் கலன்களையும் காட்டும் வரைபடத்தை மேசையில் விரித்து, அதைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நோக்கம் உண்டு. இந்தக் குழாயில் இவ்வளவு தண்ணீர், இவ்வளவு அழுத்தத்தில், இவ்வளவு வெப்பத்தில் ஓட வேண்டும் என்பது போல. அந்த நோக்கத்தின் மேல் ஏழு வழிகாட்டுச் சொற்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். இல்லை, அதிகம், குறைவு, கூடவே வேறொன்று, ஒரு பகுதி மட்டும், தலைகீழ், முற்றிலும் வேறு என்பனவே அச்சொற்கள். தண்ணீரே ஓடாவிட்டால்? குறைவாக ஓடினால்? எதிர்த்திசையில் ஓடினால்? தண்ணீரோடு எண்ணெயும் கலந்து வந்தால்? ஒவ்வொரு கேள்விக்கும் காரணம் என்ன, விளைவு என்ன, இப்போதுள்ள காப்பு என்ன, இனிச் செய்ய வேண்டியது என்ன என்று கட்டம் கட்டமாக எழுதிக்கொண்டே போக வேண்டும்.

கேட்பதற்கு எளிது. ஆனால் ஒரு பெரிய தொழிற்சாலைக்கு இதனை முழுமையாகச் செய்ய வாரக் கணக்கில் ஆகும். பொறுமைதான் இதன் முதல் தேவை. இரவு உறங்கப் போகுமுன் அன்றைய நாளை மணி மணியாக நினைத்துப் பார்க்கும் ஆன்ம சோதனையைச் சிறுவயதில் என் தாயார் எனக்குப் பழக்கினார். ‘செய்ததை மட்டும் எண்ணாதே, செய்யாமல் விட்டதையும் எண்ணு’ என்பார். அந்த வரைபடத்தின் முன் உட்கார்ந்தபோது அம்மாவின் குரல் என் நினைவுக்கு வந்தது. அது எவ்வளவு பொருத்தமான நினைவு என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அன்று பிற்பகல் பழைய விபத்துகளைப் பற்றிப் பாடம் நடந்தது. 1974 ஜூன் 1ஆம் நாள் இங்கிலாந்தின் பிளிக்ஸ்பரோவில் 28 பேர் இறந்தனர். வரிசையாக நின்ற ஆறு ரியாக்டர்களுள் ஐந்தாவது விரிசல் கண்டதால் அதை அகற்றிவிட்டு, நான்காவதையும் ஆறாவதையும் ஒரு தற்காலிகக் குழாயால் இணைத்திருந்தார்கள். அந்தக் குழாய்க்கு முறையான வரைபடம் இல்லை. பட்டறைத் தரையில் சாக்குக்கட்டியால் வரைந்துகொண்டதே வரைபடம். இரண்டு மாதங்கள் தாக்குப்பிடித்த அக்குழாய் ஒரு சனிக்கிழமை மாலை பிளந்தது. வேலை நாளாக இருந்திருந்தால் இறந்தவர் எண்ணிக்கை பன்மடங்காகியிருக்கும் என்றார் பயிற்சியாளர்.

பிறகு போபாலுக்கு வந்தார். 1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவு. 610ஆம் எண் கொண்ட தொட்டியில் நாற்பது டன்னுக்கு மேற்பட்ட மெத்தில் ஐசோசயனேட் இருந்தது. அதில் தண்ணீர் புகுந்தது. அதைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டிய குளிரூட்டும் இயந்திரம் பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்தது. வெளியேறும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரம், துருப்பிடித்த குழாய்த் துண்டு ஒன்றை மாற்றுவதற்காகத் துண்டிக்கப்பட்டிருந்தது. நச்சைக் கழுவ வேண்டிய கருவி இயங்காமல் நின்றது. காப்புகள் அனைத்தும் காகிதத்தில் இருந்தன. இரண்டாண்டுகளுக்கு முன்பே, 1982இல், ராஜ்குமார் கேஸ்வானி என்னும் உள்ளூர்ப் பத்திரிகையாளர் தம் சிறிய வார இதழில் திரும்பத் திரும்ப எச்சரித்திருந்தார். கேட்பார் இல்லை.

இவையெல்லாம் நான் முன்பே அறிந்தவை. நான் அறியாதிருந்த ஒன்றைப் பயிற்சியாளர் இறுதியாகச் சொன்னார். அன்றிரவு பதினொன்றரை மணியளவிலேயே தொழிலாளர் சிலருக்குக் கண் எரிந்தது. கசிவு இருக்கிறது என்று மேலே சொன்னார்கள். தேநீர் இடைவேளை முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. தேநீர் முடிவதற்குள் தொட்டியின் அழுத்தம் கைமீறிப் போயிருந்தது.

அவர் ‘தேநீர்’ என்று சொன்ன கணத்தில் என் கையிலிருந்த பேனா நின்றுவிட்டது. அதன்பின் அன்று நான் குறிப்பு எதுவும் எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் செய்முறைப் பயிற்சி. நான்கு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வரைபடம் தந்தார்கள். எங்கள் குழுவுக்கு வந்தது பீனால் பிசின் தயாரிக்கும் ரியாக்டர். பீனாலும் பார்மால்டிஹைடும் வினைபுரியும்போது தாமே வெப்பத்தை வெளிவிடும். அந்த வெப்பத்தை உடனுக்குடன் வெளியேற்ற, கலனைச் சுற்றியுள்ள உறைக்குள் குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வெப்பம் ஏறினால் வினை விரைவாகும். வினை விரைவானால் வெப்பம் மேலும் ஏறும். ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால் பிறகு எந்தத் தண்ணீராலும் அதைத் தடுக்க முடியாது.

எங்கள் குழுவின் எழுத்தர் இருபத்தைந்து வயதுப் பொறியாளர், துடிப்பானவர். குளிர்நீர்க் குழாய்க்கு வந்தோம். ‘குறைவு’ என்ற சொல்லை வைத்தோம். “குளிர்நீர் குறைவாக ஓடினால் ரியாக்டரின் வெப்பமானி காட்டிவிடும், சார். காப்பு இருக்கிறது” என்று எழுதினார். அடுத்து இடர் மதிப்பீடு. விளைவின் கடுமைக்கு ஒன்று முதல் ஐந்து வரை ஓர் எண். நேரக்கூடிய வாய்ப்புக்கு ஒன்று முதல் ஐந்து வரை மற்றோர் எண். இரண்டையும் பெருக்க வேண்டும். விடை பெரிதானால் கட்டம் சிவப்பு, சிறிதானால் பச்சை. கடுமைக்கு நான்கு என்று எழுதிய அத்தம்பி, வாய்ப்புக்கு ஒன்று என்று எழுதினார். கட்டம் பச்சையாயிற்று. “பழைய விபத்துப் பதிவுகளைப் பார்த்தேன். முன்னறிகுறி இல்லாமல் எப்போதோ ஒன்றிரண்டு நடந்திருக்கின்றன. கருவி வேலை செய்யும்போது இப்படி நடந்ததாக எங்கும் எழுதியிருக்கவில்லை” என்றார்.

எங்கும் எழுதியிருக்கவில்லை. அவர் சொன்னது உண்மை. எழுதப்படாமல் போனதற்குக் காரணமானவன் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

வாசக அன்பர்களே, இருபத்தேழு ஆண்டுகளாக எவரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

1997ஆம் ஆண்டு கோடைக்காலம். கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் ஒரு பிசின் தொழிற்சாலையில் ஷிப்ட் மேற்பார்வையாளனாக இருந்தேன். வயது முப்பத்து நான்கு. கைக்குழந்தை ஒன்று வீட்டில். அடுத்த பதவி உயர்வில் என் பெயர் இருப்பதாகச் செய்தி. ஒப்பந்தத் தொழிலாளர்களுள் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் இருந்தார். தேர்வாயை அடுத்த ஒரு குடியிருப்பிலிருந்து சைக்கிளிலும் பேருந்திலுமாக வந்து போவார். ஊரில் மாடு கன்று உண்டு. கோடை வந்துவிட்டால் அவர்கள் ஊர் மேய்ச்சல் காட்டிலிருந்து களாப்பழம் பறித்துத் துணியில் முடிந்து எங்களுக்கெல்லாம் கொண்டுவருவார். படிப்பு இல்லை. மூட்டை சுமப்பதும் தரை கழுவுவதும் அவர் வேலை.

அன்று எனக்கு இரண்டாம் ஷிப்ட். இரவு ஒன்பதரை மணியளவில் அவர் என்னிடம் வந்தார்.

“சார், பெரிய பானைக்குப் பக்கத்துல தண்ணி திரும்பிப் போற குழாய் ரெண்டு நாளா சுடுது. முன்னயெல்லாம் வெதுவெதுன்னு இருக்கும். இன்னிக்கிக் கைய வெக்க முடியல.”

நான் கட்டுப்பாட்டுப் பலகையைப் பார்த்தேன். ரியாக்டரின் வெப்பம் இருக்க வேண்டிய அளவிலேயே இருந்தது. “மானி சரியாத்தானே காட்டுது, அண்ணே” என்றேன். “தெரியல சார். எனக்கு என்னமோ மனசுக்குச் சரியாப் படல” என்றார். ஷிப்ட் மாறும் நேரம். தேநீர் வந்திருந்தது. “அடுத்த ஷிப்டுக்குச் சொல்லிடறேன்” என்று சொல்லிவிட்டுத் தேநீர்க் குவளையை எடுத்துக்கொண்டேன். ஒப்படைப்புக் குறிப்பேட்டில் ‘எல்லாம் இயல்பு’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அடுத்து வந்தவரிடம் பேசிக்கொண்டிருந்ததில், சொல்ல மறந்தேன். மறந்தேன் என்பதுகூட முழு உண்மையன்று. ஒரு கூலியாள் கையால் தொட்டுச் சொன்னதை, படித்த இன்னொருவரிடம் ஒரு செய்தியாகச் சொல்ல எனக்குக் கூச்சமாயிருந்தது.

இப்போது அந்தக் குழாய் ஏன் சுட்டது என்று என்னால் துல்லியமாகச் சொல்ல முடியும். குளிர்நீர் வரும் வழியில் ஒரு சல்லடை உண்டு. அதில் பாசியும் சேறும் படிந்து நீர்வரத்து நாளுக்கு நாள் குறைந்து வந்தது. ரியாக்டரின் வெப்பம் ஏறாதபடி தானியங்கி வால்வு தன்னை மேலும் மேலும் திறந்துகொண்டது. அதனால் மானியில் எந்த மாறுதலும் தெரியவில்லை. வால்வு முழுமையாகத் திறந்து, இனித் திறக்க இடமில்லாத நிலைக்கு வந்துவிட்டிருந்தது. ஓடுகிற கொஞ்சம் நீர் எல்லா வெப்பத்தையும் சுமந்து வந்ததால், திரும்பும் குழாய் கை வைக்க முடியாதபடி சுட்டது. வரப்போகும் கேட்டிற்கு அந்தத் தொழிற்சாலை முழுவதிலும் ஒரே ஓர் அறிகுறிதான் இருந்தது. அதை உணர்ந்ததும் ஒரே ஒரு கைதான்.

நள்ளிரவுக்குப் பின் புதிய சரக்கை ஏற்றினார்கள். வினை தொடங்கியது. தணிக்கப் போதிய நீர் இல்லை. வெப்பம் எல்லை மீறியது. அழுத்தம் மிஞ்சினால் தானே கிழிந்து வழிவிடும் மெல்லிய தகடு கிழிந்தது. கொதிக்கும் பிசின் வெளியே பீறிட்டது. ஆள் குறைவென்று இரட்டை ஷிப்டில் நிறுத்தப்பட்டிருந்த அந்தப் பெரியவர் கீழே தரை கழுவிக்கொண்டிருந்தார். முகத்தைக் காத்துக்கொள்ள வலக்கையை உயர்த்தியிருக்கிறார். உயிர் பிழைத்தார். வலக்கை விரல்கள் மூன்று ஒன்றோடொன்று ஒட்டிப்போயின.

விசாரணை நடந்தது. பெரியவர் அப்போது மருத்துவமனையில் இருந்தார்; அவரை யாரும் கேட்கவில்லை. என்னைக் கேட்டார்கள். “உங்கள் ஷிப்டில் முன்னறிகுறி ஏதேனும் தென்பட்டதா?” கேள்வி நேரானது. குறிப்பேடு என் கையெழுத்துடன் எதிரே இருந்தது. “இல்லை” என்றேன். ‘முன்னறிகுறியின்றித் திடீரென நேர்ந்த விபத்து’ என்று அறிக்கை முடிந்தது. சல்லடையைக் கழுவினார்கள். மூன்று மாதம் கழித்து எனக்குப் பதவி உயர்வு வந்தது. அவர் வேலைக்குத் திரும்பவில்லை.

போபாலுக்குப் பின் 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41எச் என்னும் பிரிவைச் சேர்த்திருந்தார்கள். ஆபத்தான செயல்முறைகள் உள்ள தொழிற்சாலையில் உயிருக்கு உடனடி அபாயம் இருப்பதாக நியாயமாக அஞ்சும் தொழிலாளி, அதை நிர்வாகத்தின் கவனத்துக்குக் கொண்டுவரலாம். அதே நேரத்தில் அரசு ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். அபாயம் உண்மையென்று கண்டால் உடனே சரிசெய்வது நிர்வாகத்தின் கடமை. இப்போது நடப்புக்கு வந்துள்ள புதிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த உரிமை இடம்பெற்றிருக்கிறது. 1997இல் அச்சட்டத்துக்குப் பத்து வயது. அந்தப் பெரியவர் அதைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார். ஆயினும் சட்டம் சொன்னதைத்தான் அவர் செய்தார். சட்டத்தை அறிந்திருந்த நான்தான் செய்யவில்லை.

பயிற்சி அறைக்குத் திரும்புகிறேன். பயிற்சியாளர் எங்கள் மேசைக்கு வந்து அந்தப் பச்சைக் கட்டத்தைப் பார்த்தார். “வாய்ப்புக்கு ஏன் ஒன்று?” என்றார். தம்பி காரணத்தைச் சொன்னார். “எழுதப்படவில்லை என்பதும் நடக்கவில்லை என்பதும் ஒன்றா?” என்று கேட்டார் அவர். அது பொதுவாகக் கேட்ட கேள்வி. யாரையும் பார்த்துக் கேட்டதன்று. ஐ.சி.ஐ. நிறுவனத்தில் நெடுங்காலம் பாதுகாப்பு ஆலோசகராக இருந்த ட்ரெவர் கிளெட்ஸ், 2013இல் தாம் இறக்கும்வரை ஒன்றை வலியுறுத்தி வந்தார் என்றும் சொன்னார். நிறுவனங்களுக்கு நினைவாற்றல் கிடையாது. மனிதர்கள் ஓய்வு பெற்றுப் போகும்போது பாடமும் அவர்களோடு போய்விடுகிறது. அதனால் ஒரே விபத்து மறுபடியும் மறுபடியும் நேர்கிறது என்பதே அது.

நான் எழுந்தேன். கால்கள் நடுங்கின. “வாய்ப்பு ஒன்று அன்று. நடந்திருக்கிறது. மானி சரியாகக் காட்டிக்கொண்டிருந்தபோதே நடந்தது. முன்னறிகுறியும் இருந்தது” என்றேன். பிறகு அனைத்தையும் சொன்னேன், தேநீர் உட்பட. அறையில் இருபது பேர் இருந்தார்கள். எவரும் எதுவும் பேசவில்லை. என் பக்கத்திலிருந்த தம்பி தலைகுனிந்து, ஒன்றை அடித்து நான்கு என்று எழுதினார். கட்டம் சிவப்பாயிற்று. செய்ய வேண்டியவை என்ற இடத்தில் மூன்று எழுதினோம்: திரும்பும் நீர்க் குழாயில் ஒரு வெப்பமானி, சல்லடைக்கு முன்னும் பின்னும் அழுத்தமானி, வால்வு பெரும்பகுதி திறந்துவிட்டால் ஒலிக்கும் எச்சரிக்கை மணி.

பயிற்சியாளர் அதோடு விடவில்லை. “இந்த மேசையைச் சுற்றி யார் இல்லை?” என்று கேட்டார். வடிவமைப்புப் பொறியாளர் இருந்தார், கருவிப் பொறியாளர் இருந்தார், பராமரிப்பாளர் இருந்தார். தரை கழுவுகிறவர் இல்லை. குழாயைத் தொடுகிறவர் இல்லை. மதிலுக்கு வெளியே குடியிருப்பவர் இல்லை.

மதிலுக்கு வெளியே என்றதும் சன்னல் வழியே பார்த்தேன். அந்தத் தொழிற்பூங்கா எழுந்துள்ள ஏறத்தாழ 1,100 ஏக்கரும் முன்பு மேய்ச்சல் நிலமும் புதர்க்காடுமாக இருந்தவை. களாப்பழம் வந்த காடு அதுதான். நிலத்தைத் தொழிற்பூங்காவுக்கு எடுத்தபோது தேர்வாய் மக்கள், பெரும்பாலும் தலித் மக்கள், பல ஆண்டுகள் போராடினார்கள். அங்கு அமையவிருந்த மிஷ்லின் டயர் தொழிற்சாலை தொடர்பாக 2012 ஜூலையில் பிரான்சு நாட்டின் அமைப்பு ஒன்றிடம் முறையீடும் சென்றது. பன்னாட்டு நிறுவனங்களின் நடத்தை நெறிகளைக் கண்காணிக்கும் அமைப்பு அது. முறையிட்டவர்களுள் தேர்வாய் கிராமச் சங்கத்தோடு, பிரெஞ்சுக் கத்தோலிக்க வளர்ச்சி அமைப்பான சி.சி.எஃப்.டி.யும் இருந்தது. 2013இல் அந்த விவகாரம் முடிக்கப்பட்டது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் இதை எழுதவில்லை. பாதிக்கப்படக் கூடியவர்களை முன்னதாகக் கேட்டீர்களா என்பதே அம்முறையீட்டின் மையமாயிருந்தது. எங்கள் மேசையில் பயிற்சியாளர் கேட்டதும் அதையேதான். இன்று அப்பூங்காவுக்கு அருகில் ஒரு நீர்த்தேக்கமும் இருக்கிறது. கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை ஏரிகளை இணைத்து 2020 நவம்பரில் திறக்கப்பட்ட அது, 500 மில்லியன் கன அடி நீரைச் சென்னையின் தாகத்துக்காகத் தேக்குகிறது. ‘விளைவு’ என்ற கட்டத்தை நிரப்பும்போது மதிலோடு நின்றுவிட முடியாது.

நான்காம் நாள் பயிற்சி முடிந்ததும் வேனில் ஏறாமல் ஊருக்குள் நடந்தேன். இரண்டு மூன்று பேரிடம் விசாரித்ததில் வீடு தெரிந்துவிட்டது. வேப்பமரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்து ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தார், இடக்கையால். எழுபத்தேழு வயதிருக்கும். என்னை அடையாளம் காணச் சற்று நேரம் பிடித்தது. கண்டுகொண்டதும் “வாங்க சார், உக்காருங்க” என்று கட்டிலில் இடம் விட்டார்.

வந்த காரியத்தைச் சொன்னேன். குறிப்பேட்டில் எழுதாததை, விசாரணையில் இல்லை என்றதை.

“தெரியும் சார்” என்றார். “ஆஸ்பத்திரிக்கி மேஸ்திரி வந்தப்பவே சொன்னாரு. நீங்க ஒண்ணும் தெரியாதுன்னு எழுதிக் குடுத்துட்டீங்கன்னு.”

இருபத்தேழு ஆண்டுகள் நான் மறைத்துவைத்தது அவருக்கு முதல் வாரமே தெரிந்திருக்கிறது. என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“கோவம் இருந்துச்சு. இல்லேன்னு சொல்ல மாட்டேன். கைக்காகக்கூட இல்ல சார். நான் சொன்னது சொல்லாததாப் பூடுச்சேன்னுதான். அப்புறம் மாடு கன்னுன்னு காலம் ஓடிப்போச்சு. இப்ப காடும் இல்ல, மாடும் இல்ல.” சற்றுப் பொறுத்துக் கேட்டார்: “இப்பல்லாம் அந்தக் குழாய யாராச்சும் தொட்டுப் பாக்கறாங்களா?”

பயிற்சியில் எழுதிய மூன்று பரிந்துரைகளையும் விளக்கினேன். கவனமாகக் கேட்டார். “மானி வெக்கறது நல்லதுதான். அதுக்குக் கை பொசுங்காது. ஆனா ஒருத்தன் வந்து சொன்னா கேக்கறதுக்கு ஆளு வெச்சாங்களா?”

அதற்கு நான் எழுதிவந்த தாள்களில் விடை இல்லை. அதைச் சொன்னேன். பழைய தொழிற்சாலைக்கு நடந்ததை அப்படியே கடிதமாக எழுதி, அந்த விபத்தின் கோப்பில் சேர்க்கச் சொல்லப் போகிறேன் என்றும் சொன்னேன். அவர் ஒட்டிப்போன விரல்களை இடக்கையால் தடவிக்கொண்டே யோசித்தார்.

“எழுதுனா, யாரு சொன்னதுன்னு எம் பேரையும் போடுங்க சார்.”

கிளம்பும்போது, மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு சொம்பு மோர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

பயிற்சி நடந்த தொழிற்சாலைக்கு நான்காவது பரிந்துரை ஒன்றை எழுதி அனுப்பினேன். ஷிப்ட் ஒப்படைப்புக் குறிப்பேட்டில் ‘இன்று தொழிலாளர் யார், என்ன சொன்னார்’ என்று ஒரு பத்தி இருக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர் சொன்னதும் அதில் ஏற வேண்டும். யாரும் எதுவும் சொல்லவில்லை என்றால், கேட்டேன் என்றாவது எழுதிக் கையொப்பமிட வேண்டும். அடுத்த இடர் ஆய்வில் தரைப்பணியாளர் ஒருவர் உட்கார வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டேன். முதலாவதை ஏற்றுக்கொண்டதாக அந்தத் தம்பி தொலைபேசியில் சொன்னார். இரண்டாவது பரிசீலனையில் இருக்கிறதாம்.

பழைய தொழிற்சாலைக்குக் கடிதம் எழுத மூன்று இரவுகள் ஆயின. பதிவுத் தபாலில் அனுப்பினேன். பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை அட்டை வந்திருக்கிறது. வேறு பதில் வரவில்லை. அந்தப் பெரியவரின் பெயரை இந்தக் கட்டுரையில் நான் எழுதவில்லை. அந்தக் கடிதத்தின் முதல் வரியில் எழுதியிருக்கிறேன்; ஊரோடு, தந்தை பெயரோடு, அன்று இரவு ஒன்பதரை மணிக்கு அவர் என்னிடம் சொன்ன சொற்களோடு.